காபி குடித்தால் இருமல்: முதலில் வால்வைப் பாருங்கள்

குரல்வளை எடுத்து எட்டு மாதமான உங்கள் அப்பா, பேசுவதற்கென்று கழுத்துக்குள் பொருத்தும் வால்வை வைத்து நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவர், இப்போது காபி குடித்தாலே இருமுகிறார், பயந்துபோய்ப் பேச்சையும் நிறுத்திவிட்டார் என்று எழுதியிருந்தீர்கள். என் அப்பாவுக்கும் இதேதான் நடந்தது. நோய் திரும்பிவிட்டதோ என்று உடனே கலங்காதீர்கள். பெரும்பாலும் இது வால்வு கசிவுதான். மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் நடுவில் இருக்கிற அந்தச் சிலிக்கோன் துண்டில் கேண்டிடா என்கிற பூஞ்சை படியப் படிய, உள்ளே இருக்கும் சின்ன மூடி சரியாக மூடாமல் போகும், சில மாதங்களுக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய பொருள்தான் அது.

திராட்சை ஜூஸ் மாதிரி நிறமுள்ளதை ஒரு வாய் விழுங்கச் சொல்லி, அவர் மூச்சு விடுகிற கழுத்துத் துளைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். வால்வின் நடுவில் கசிந்தால், மருத்துவமனையில் கொடுத்த பிரஷ்ஷால் சுத்தம் செய்துவிட்டு மறுபடி பாருங்கள். அப்படியும் நிற்கவில்லை என்றாலோ, வால்வைச் சுற்றி ஓரமாக வந்தாலோ வீட்டில் கை வைக்காதீர்கள், வால்வை மாற்ற வேண்டியிருக்கும், டாக்டரிடம் போங்கள். தள்ளிப்போட வேண்டாம், கசிவது நுரையீரலுக்குள் போனால் நிமோனியா வரும். வால்வு கழன்றே விட்டால் அன்றைக்கே, உடனே ஓட வேண்டும். வால்வு இருந்த ஓட்டை சீக்கிரம் சுருங்கிவிடும், வால்வே மூச்சுக்குழாய்க்குள் விழுந்திருக்கவும் கூடும்.

அப்புறம் ஒன்று, அவசரத்தில் யாராவது ஆக்சிஜனை மூக்கில் வைப்பார்கள். அவர் மூச்சு விடுவது கழுத்தில் மட்டும். இதை ஒரு அட்டையில் எழுதி அவர் சட்டைப்பையில் இன்றைக்கே வைத்துவிடுங்கள்.