தேநீருக்கு என்னை மட்டும் அழைப்பதில்லை

கேள்வி: வாழப்பாடி பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்து, சேலம் சிவதாபுரத்தில் ஒரு கொலுசுப் பட்டறையில் ஆறு மாதமாக வேலை பார்க்கிறேன். மற்ற ஏழு பேரும் ஒரே தெருக்காரர்கள். யாரும் என்னைக் கடிந்து ஒரு சொல் சொன்னதில்லை. ஆனால் மாலையில் தேநீருக்கும் தட்டுவடை செட்டுக்கும் எழுந்து போகும்போது என்னை மட்டும் கூப்பிடுவதில்லை. 32 வயதில் இதற்கெல்லாம் மனம் நோவது சிறுபிள்ளைத்தனமா?

பதில்: இல்லவே இல்லை. அமெரிக்க உளவியலாளர் கிப்ளிங் வில்லியம்ஸ் ஒருநாள் பூங்காவில் அமர்ந்திருந்தபோது, அறிமுகமில்லாத இருவர் வீசி விளையாடிய தட்டு அவர் பக்கம் வந்து விழுந்தது. அவர் திருப்பி எறிந்தார். அவர்களும் அவரைச் சேர்த்துக்கொண்டு சிறிது நேரம் ஆடிவிட்டு, பிறகு ஒரு சொல்லும் இல்லாமல் தங்களுக்குள் மட்டும் வீசிக்கொண்டார்கள். முன்பின் தெரியாதவர்கள் செய்தது தன்னை அவ்வளவு வருத்தியதைக் கண்டு வியந்த அவர், அதையே கணினியில் ஒரு பந்தாட்டமாக அமைத்து ஆராய்ந்தார். எதிரே ஆடுவது மனிதர்களல்ல, வெறும் கணினிதான் என்று முன்கூட்டியே சொல்லிவிட்ட பிறகும், பந்து வராதவர்களின் மனம் வாடியது என்பது 2004இல் வெளியான முடிவு. இயந்திரம் ஒதுக்கினாலே வலிக்கும்போது, தினமும் தோளோடு தோள் உட்காருபவர்கள் எழுந்து போனால் வலிக்காதா? திட்டினாலாவது நம்மை ஒரு ஆளாக மதித்துத் திட்டினார்கள் என்றாவது இருக்கும்.

ஆனால் வலி உண்மை என்பதால், அவர்கள் வேண்டுமென்றே ஒதுக்குகிறார்கள் என்று ஆகிவிடாது. ஒரே தெருவில் வளர்ந்தவர்கள் ஒருவரையொருவர் கூப்பிட்டுக்கொண்டா எழுகிறார்கள்? ஒருவர் எழுந்தால் மற்றவர்களும் எழுகிறார்கள், அவ்வளவுதான். அழைப்பு என்ற ஒன்றே அங்கு இல்லாமல் இருக்கலாம். (சாதி பார்த்துத்தான் ஒதுக்குகிறார்கள் என்றால் கதை வேறு; அதற்கு மனப்பக்குவத்தை மருந்தாகச் சொல்ல நான் ஆயத்தமில்லை.)

நட்பு பெரும்பாலும் குணப் பொருத்தத்தால் அமைவதாக நினைக்கிறோம். லியோன் ஃபெஸ்டிங்கரும் உடன் ஆய்வாளர்களும் 1950இல் வெளியிட்ட மாணவர் குடியிருப்பு ஆய்வு வேறு விதமாகச் சொல்கிறது: அடுத்த வீட்டுக்காரரை நெருங்கிய நண்பராகக் குறிப்பிட்டவர்கள் 41 விழுக்காடு, அதே தளத்தின் மறுகோடியில் இருப்பவரைக் குறிப்பிட்டவர்கள் வெறும் 10. ஆகவே ஏழு பேரையும் ஒரேயடியாக நெருங்க முயலாமல், உங்களுக்கு அடுத்த இடத்தில் அமர்ந்து சலங்கை கோக்கிறவரோ பற்றவைக்கிறவரோ, அந்த ஒருவரிடம் தொடங்குங்கள். வேலையில் ஒரு சந்தேகம் கேளுங்கள். நாளை அவர் எழும்போது, “நானும் வரேண்ணா” என்று சொல்லி உடன் எழுங்கள்.

முதல் நாளே எல்லோருக்கும் சேர்த்துக் காசு கொடுக்க முந்த வேண்டாம்; அது விலைக்கு வாங்குவதுபோல் தோன்றும். உங்களுடையதை மட்டும் கொடுங்கள். வேறொருவர் உங்களுக்கும் சேர்த்துக் கொடுக்க வந்தால், தடுக்காதீர்கள்.