பயோகேஸ் ஸ்லரிய மண்ணுக்கு விடுறது எப்படி? கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, சாண எரிவாயு கலன்ல இருந்து வந்த ஸ்லரிய, அதாவது கேஸ் எடுத்தப்புறம் வெளிய வர்ற சாணிக் கரைசல, அப்படியே கத்தரி நாத்து தூர்ல ஊத்துனேன், ரெண்டே நாள்ல இலை ஓரமெல்லாம் கருகிப்போச்சு. சாணிதானே, எப்படி கருகும்?

பதில்: சாணிதான் தம்பி, ஆனா செரிச்சு வந்த சாணி. அதுல இருக்குற தழைச்சத்துல பாதிக்கு பக்கத்துல அமோனியமா மாறியிருக்கும், அதனால உரக்கரைசல் ஊத்துன மாதிரிதான் வேலை செய்யும், இளவேரு தாங்காது. நாத்துக்கு நல்லா தண்ணி கலந்து, தூர்ல இருந்து நாலு விரல் தள்ளி ஊத்துங்க, அதுவும் முதல்ல நாலஞ்சு செடிக்கு மட்டும் ஊத்திப் பாத்துட்டு மத்ததுக்கு போங்க.

கேள்வி: மத்தியானம் விட்டா என்ன சார்? அப்பதான் ஆள் கிடைக்குது.

பதில்: விடலாம், பாதி சத்த காத்துக்கு குடுக்க மனசு இருந்தா. ஸ்லரி கொஞ்சம் காரத்தன்மை உள்ளது, பிஹெச் 7.5, 8னு நிக்கும், வெயிலும் காத்தும் சேர்ந்தா அமோனியா பறந்துடும், மூக்க அரிக்குற அந்த நெடியே உங்க உரம்தான். சாயங்காலம் விட்டு கையோட மண்ண கிளறி மூடிடுங்க. மழை வர்ற மாதிரி இருந்தா தொடவே வேணாம், வழிஞ்சு கிணத்துக்கோ ஓடைக்கோ போயிடும்.

கேள்வி: கீரை மேல தெளிக்கலாமா? கிருமியெல்லாம் செத்துருக்கும்ல?

பதில்: எல்லாம் சாகாது. சாதாரண கலன் 35 டிகிரி பக்கம்தான் ஓடும், அந்த சூட்டுல குடல்புழு முட்டையெல்லாம் தப்பிச்சு வரும். பச்சையா சாப்பிடுற எதுக்கும் மேல தெளிக்காதீங்க, விதைக்கிறதுக்கு ரொம்ப முன்னாடியே மண்ணுல கலந்துடுங்க. கக்கூஸ் இணைச்ச கலன்னா கீரை, கிழங்கு பக்கமே போகாதீங்க, மரத்துக்கு விடுங்க.

கேள்வி: சொட்டுநீர்ல விடலாமா?

பதில்: துணியில வடிகட்டுனாலும் அடைக்கும். நான் பட்டுட்டேன், வாய்க்கால்ல தண்ணியோட கலந்து விடுங்க.

கேள்வி: தொட்டியில அடியில வண்டல் கெட்டியாயிடுச்சு, இறங்கி அள்ளிடலாமா?

பதில்: ஐயோ வேணாங்க. கிளறுன உடனே ஹைட்ரஜன் சல்ஃபைடுங்குற விஷவாயு கிளம்பும், மொதல்ல அழுகின முட்டை நாத்தம் வரும், அளவு கூடுனா மூக்கு மரத்துப்போய் நாத்தமே தெரியாது, நாத்தம் போயிடுச்சுன்னு நெனைக்கிறப்பவே ஆள் சுருண்டுடுவாரு. ஒருத்தர் விழுந்தா தூக்க இறங்குற ரெண்டாவது ஆளும் போயிடுவாரு. மேல நின்னே தண்ணி ஊத்தி நீள கம்பால கரைச்சு, பம்ப் வச்சு இழுங்க, பீடி சிகரெட்டு பக்கத்துல கூடாது.