சி.டி. ஸ்கேனைப் பார்த்து, ஐ.சி.யூ.வில் இருப்பவர் பிழைப்பாரா என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா?

பலரைச் சேர்த்துப் பார்க்கும்போது ஓரளவு சொல்லலாம். படுக்கையில் இருக்கும் அந்த ஒருவரைப் பற்றி, படத்தை மட்டும் வைத்துக்கொண்டு சொல்லவே கூடாது. ஸ்கேன் படங்களைப் படித்து அறிக்கை எழுதுவது என் அன்றாட வேலை என்பதால், சற்று விரிவாகவே பதில் எழுதுகிறேன்.

குடலில் ஓட்டை, சீழ்க்கட்டி, உள் ரத்தக்கசிவு போன்றவற்றைத் தேடித்தான் இந்த நோயாளிகளுக்கு வயிற்று சி.டி. எடுக்கப்படுகிறது. ஆனால் அதே படத்தில் தசையும் பதிவாகியிருக்கிறது. மூன்றாவது இடுப்பு முள்ளெலும்பின் மட்டத்தில் ஒரே ஒரு குறுக்குவெட்டை எடுத்து, ஹவுன்ஸ்ஃபீல்டு அளவுகோலில் (சி.டி. படத்தில் திசுக்களின் அடர்த்தியைக் குறிக்கும் எண்) −29 முதல் +150 வரை உள்ள பகுதியைத் தசையெனக் கணக்கிட்டால், அந்தப் பரப்பு உடல் முழுவதிலும் உள்ள தசையின் அளவோடு நன்றாக ஒத்துப்போகிறது. செயற்கைச் சுவாசத்தில் இருந்தவர்களைப் பற்றி 2014-இல் வெளிவந்த டச்சு ஆய்வொன்றில், இந்தப் பரப்பு 170 சதுர சென்டிமீட்டருக்குக் குறைவாக இருந்த ஆண்களும், 110-க்குக் குறைவாக இருந்த பெண்களும் மருத்துவமனையிலேயே இறப்பது அதிகமாக இருந்தது. தசையைக் கணக்கில் கொண்ட பிறகு, பி.எம்.ஐ. (உயரத்துக்கு ஏற்ற எடையைக் காட்டும் குறியீடு) தனியாக எதையும் முன்னறிவிக்கவில்லை. பருமனான உடலுக்குள்ளும் தசை வற்றியிருக்கக்கூடும் என்பதை எடை பார்க்கும் கருவி காட்டுவதில்லை. தசைக்குள் கொழுப்பு படிந்து அடர்த்தி குறைவதும் கெட்ட அறிகுறியே என்று பின்னர் வந்த ஆய்வுகள் காட்டின.

இந்த அளவீட்டிலும் சிக்கல்கள் உண்டு. ரத்தக்குழாயில் செலுத்தும் கான்ட்ராஸ்ட் மருந்து தசையின் அடர்த்தியைக் கூட்டிக் காட்டும். உடலில் நீர் கோத்திருந்தால் தசை உள்ளதைவிடப் பெரிதாகத் தெரியும். வென்டிலேட்டரில் இருப்பவரை ஸ்கேன் அறைக்குக் கொண்டுபோவதே ஆபத்தானது என்பதால், தசையை அளப்பதற்காக மட்டும் யாரும் படம் எடுக்க மாட்டார்கள். ஆகவே ஆய்வுகளில் இடம்பெறுவோர், வேறு காரணத்துக்காக ஸ்கேன் தேவைப்பட்டவர்கள் மட்டுமே.

என்னை மிகவும் கவலைகொள்ளச் செய்வது வேறொன்று. இதயம் நின்று மீண்ட ஒருவரின் மூளை சி.டி.யில் சாம்பல் பகுதிக்கும் வெள்ளைப் பகுதிக்கும் உள்ள வேறுபாடு மங்கியிருப்பதை (மூளை சேதத்தின் அறிகுறி) கண்டு, இனிப் பயனில்லை என்று சிகிச்சையை நிறுத்திவிட்டால், அவர் இறந்துபோவார். கணிப்பு சரியென்று பதிவாகும். நிறுத்தாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது யாருக்கும் தெரியாமலே போய்விடும். இதனால்தான் 2021-இல் வெளியான ஐரோப்பிய வழிகாட்டுதல், 72 மணி நேரமாவது பொறுத்திருந்து, நினைவு திரும்பாத நிலையில், குறைந்தது இரண்டு பாதகமான அறிகுறிகள் ஒத்துவந்தால் மட்டுமே மோசமான முடிவைக் கணிக்கலாம் என்கிறது. சி.டி.யில் தெரியும் பரவலான சேதம் அவற்றில் ஒன்றுதான்.

தசை மிகவும் குறைந்திருப்பதைக் கண்டால் நான் அறிக்கையில் ஒரு வரி சேர்க்கிறேன். பிசியோதெரபியை முன்கூட்டியே தொடங்க அது உதவக்கூடும் என்பது என் எண்ணம். புரதத்தைக் கூட்டிக் கொடுத்தால் போதுமென்று எண்ணிவிட வேண்டாம்: 2023-இல் வெளிவந்த பன்னாட்டுச் சோதனையில், அதிகப் புரதம் நோயாளிகளை விரைவில் வீடு திரும்ப வைக்கவில்லை.

உங்கள் உறவினருக்காக இதைக் கேட்டிருந்தால், மருத்துவரின் கணிப்பு படத்தை மட்டும் சார்ந்ததா, வேறு எவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தார்கள் என்று கேளுங்கள். நோய்க்கு முன்பு அவர் எப்படி நடமாடினார் என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். அது எந்தப் படத்திலும் இருக்காது.