லிங்க் போடுமுன் இரண்டு வரி

வாசகர் கேள்வி – பதில்

அருமனை வாசகர்: பழைய மாணவர் வாட்ஸ்அப் குரூப்பில் தினமும் நல்ல நல்ல செய்தி லிங்க்காகத் தேடிப் போடுகிறேன். யாரும் திறந்துகூடப் பார்ப்பதில்லை. என்ன செய்யலாம்?

வெறும் லிங்க்கைப் பார்த்தால் தொடவே பயப்படுகிறார்கள். மோசடி லிங்க்குகள் பெருகிய காலத்தில் அது நியாயமான பயம்தான். லிங்க்குக்கு மேலே உங்கள் சொந்த வார்த்தையில் இரண்டு வரி எழுதுங்கள். விஷயம் என்ன என்பது முதல் வரி. எங்கே வந்தது, என்ன தேதி, தமிழா ஆங்கிலமா, படிக்க எவ்வளவு நேரம், சந்தா கேட்குமா என்பது இரண்டாவது வரி. உதாரணமாக: “குளச்சல் போரில் 1741-இல் பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாய், பிறகு திருவிதாங்கூர் படைக்கே தளபதியானார். உதயகிரிக் கோட்டையில் உள்ள அவர் கல்லறையில் லத்தீனோடு தமிழிலும் எழுத்து வெட்டியிருக்கிறார்கள். படங்களோடு ஆங்கிலக் கட்டுரை, ஐந்து நிமிடம்.” இதைப் படித்தவர் லிங்க்கைத் திறக்காவிட்டாலும் ஒரு விஷயம் தெரிந்துகொண்டார். ‘அதிர்ச்சி’, ‘கண்டிப்பா பாருங்க’ போன்றவை வேண்டாம்.

முகவரியை ஒட்டியவுடனே அனுப்பிவிடாதீர்கள். படமும் தலைப்பும் உள்ள முன்னோட்டப் பெட்டியைத் தயாரிப்பது அனுப்புகிறவரின் போன்தான். பேச்சிப்பாறைப் பக்கம்போல் சிக்னல் மெதுவான இடத்தில் அதற்குச் சில விநாடி பிடிக்கும். அதற்குள் அனுப்பினால் நீல எழுத்து மட்டும்தான் போய்ச் சேரும். ஒரு நாளைக்கு ஒரு லிங்க் தாராளம். தினமும் ஐந்தாறு வந்தால் குரூப்பையே மியூட்டில் போட்டுவிடுவார்கள்.

குளச்சல் வாசகர்: கள்ளக்கடல் எச்சரிக்கை, சுனாமி வரப்போகிறது என்றெல்லாம் எங்கள் குரூப்புக்கு அடிக்கடி ஃபார்வர்டு வருகிறது. எது புதியது, எது பழையது, எது பொய் என்று எப்படிப் பிரிப்பது?

கடலோரக் குரூப்புகளில் உயிரோடு சம்பந்தப்பட்ட கேள்வி இது. முதலில் சுனாமி. நிலநடுக்கம் எந்த நாளில் வரும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. கடலடியில் நிலம் நடுங்கிய பிறகுதான் சுனாமி எச்சரிக்கையே பிறக்கும். 2004 பேரழிவுக்குப் பிறகு அமைத்த இந்தியச் சுனாமி எச்சரிக்கை மையம் 2007 அக்டோபரிலிருந்து ஹைதராபாத்தில் இயங்குகிறது. அதுவும் அப்படித்தான் வேலை செய்கிறது. ஆகவே ‘வரும் வெள்ளிக்கிழமை இத்தனை மணிக்குச் சுனாமி’ என்று வந்தால், மேற்கொண்டு எதையும் தேட வேண்டாம். அது பொய்.

கள்ளக்கடல் வேறு மாதிரி. தெற்கு இந்தியப் பெருங்கடலில் வீசும் பலத்த காற்று எழுப்பும் நீள அலைகள் பல நாள் பயணம் செய்து நம் கரைக்கு வருகின்றன. இங்கே காற்றும் இருக்காது, மழையும் இருக்காது. வானம் வெளுத்துக் கிடப்பதைப் பார்த்து ‘இது பழைய ஃபார்வர்டு’ என்று ஒதுக்கிவிடுகிறோம், ஆபத்து அங்கேதான். 2024 மே 6 அன்று குமரி மாவட்டம் கணபதிபுரம் அருகே லெமூர் கடற்கரையில் பயிற்சி மருத்துவர்கள் 5 பேர் அலையில் சிக்கி இறந்தபோது கள்ளக்கடல் எச்சரிக்கை நடப்பில்தான் இருந்தது.

உண்மையான எச்சரிக்கையைத் தருவது ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற கடல்சார் தகவல் மையம். அதில் மூன்று விவரங்களைப் பாருங்கள்: எந்த ஊரிலிருந்து எந்த ஊர் வரையிலான கரை, அலை எத்தனை மீட்டர், எந்தத் தேதி எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை. குரூப்பில் சுற்றும் ஸ்க்ரீன்ஷாட்டில் பெரும்பாலும் இந்த மூன்றாவது விவரம்தான் வெட்டுப்பட்டுப் போயிருக்கும். அதனால்தான் போன வருஷத்து எச்சரிக்கை இந்த வருஷமும் ஓடுகிறது. ஸ்க்ரீன்ஷாட்டை அனுப்பாமல் இன்காய்ஸ் பக்கத்தின் லிங்க்கையே போடுங்கள். மேலே ‘நாளை இரவு 11.30 வரை’ என்று முடியும் நேரத்தை எழுதுங்கள். நேரம் முடிந்ததும் அதே செய்திக்குப் பதிலாக ‘முடிந்தது’ என்று போடுங்கள், அல்லது அழித்துவிடுங்கள். எல்லோருக்குமாக அழிக்க ஏறக்குறைய இரண்டு நாள் அவகாசம் உண்டு. அட்மின் மற்றவர் போட்டதையும் அழிக்கலாம்.

இரட்டை அம்புக் குறி இருந்தால் அந்தச் செய்தி குறைந்தது ஐந்து கை மாறி வந்தது என்று அர்த்தம். ஆனால் குறி இல்லை என்பதற்காக நம்பிவிடாதீர்கள். யாராவது நகலெடுத்துப் புதிதாக ஒட்டினால் அந்தக் குறி போய்விடும்.

மார்த்தாண்டம் வாசகி: லிங்க் சில நேரம் நாலு வரி நீளத்துக்கு இருக்கிறது. வாலை வெட்டினால் திறக்குமா?

பெரும்பாலும் திறக்கும். கேள்விக்குறிக்குப் பிறகு யூடிஎம் (utm) என்று தொடங்கும் துண்டுகளும், எஃப்பிசிஎல்ஐடி (fbclid) என்ற நீளமான துண்டும் நீங்கள் எந்த வழியாக வந்தீர்கள் என்று கண்காணிக்கச் சேர்ப்பவை. அவற்றை வெட்டலாம். யூடியூப்பில் மட்டும் கவனம். முழு முகவரியில் ‘வி’ (v) என்ற எழுத்துக்கும் சமக்குறிக்கும் அடுத்து வரும் 11 எழுத்துகள்தான் வீடியோவின் அடையாளம். அதை வெட்டினால் வீடியோவே போச்சு. சுருக்க முகவரியில் ‘எஸ்ஐ’ (si) என்று தொடங்கும் வாலை மட்டும் எடுத்துவிடலாம். ஒரு மணி நேரப் பேச்சில் 12-ஆவது நிமிடம்தான் முக்கியம் என்றால் ‘டி=720’ (t=720) சேருங்கள்; 720 விநாடி தாண்டி நேரே அங்கே தொடங்கும். வெட்டிய பிறகு மறைநிலைத் தாவலில் (இன்காக்னிட்டோ) ஒருமுறை திறந்து பாருங்கள். உங்களுக்கு மட்டும் திறக்கிற லிங்க்கா, எல்லோருக்கும் திறக்கிற லிங்க்கா என்பது அங்கே தெரிந்துவிடும்.

அரசு அறிவிப்பு என்றால் முகவரியில் முதல் ஒற்றைச் சாய்கோடு வரை உள்ளதை வலமிருந்து இடமாகப் படியுங்கள். புள்ளியோடு சேர்த்து கவ்.இன் (.gov.in), நிக்.இன் (.nic.in) என்று முடிந்தால் அரசுத் தளம். நடுவில் எங்கோ கவ் என்று இருந்து, முடிவு வேறாக இருந்தால் போலி. தொட்டதும் ஏபிகே (apk) என்ற செயலி நிறுவும் கோப்பு இறங்கினால் நிறுவாமல் அழியுங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் மோசடி உதவி எண் 1930-ஐ அழையுங்கள்.

தக்கலை வாசகர்: ‘குழித்துறையில் வெள்ளம்’ என்று ஒரு வீடியோ வந்தது. நம் ஊர்தானா என்று கண்டுபிடிக்க வழி உண்டா?

வீடியோவை நிறுத்தி, தெளிவான ஒரு காட்சியை ஸ்க்ரீன்ஷாட் எடுங்கள். மேலே ஒட்டிய எழுத்தையும் சேனல் முத்திரையையும் வெட்டிவிட்டு கூகுள் லென்ஸில் தேடுங்கள். படத்தை வைத்துத் தேடும் டின்ஐ (TinEye) தளத்தில் மிகப் பழையது முதலில் வரும்படி வரிசைப்படுத்தலாம். படத்தை இடவலமாகப் புரட்டிப் போட்டிருந்தால் தேடல் ஏமாறும். கடைப் பலகையின் எழுத்து கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறித் தெரிகிறதா என்று பாருங்கள். வாகன எண்களும் உதவும். நாகர்கோவில் டிஎன் 74, மார்த்தாண்டம் டிஎன் 75. கேஎல் வண்டி ஒன்றிரண்டு இருப்பதை வைத்து முடிவு கட்ட முடியாது, நம் சாலைகளில் அவை சகஜம். கண்ணில் படுகிற வண்டி எல்லாம் வேறு மாநிலம் என்றால் அது குழித்துறை அல்ல.

நாகர்கோவில் வாசகர்: நான் அட்மின். உறுப்பினர் போடும் லிங்க்குக்கு என்மேல் வழக்கு வருமா?

அட்மினாக மட்டும் இருந்து, வேறு பங்கு எதுவும் இல்லையென்றால் அவர் பெயரை வழக்கிலிருந்து நீக்க வேண்டும் என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2021 டிசம்பரில் ஒரு வழக்கில் சொன்னது. நீங்களே ஃபார்வர்டு செய்தால் நிலைமை வேறு. ஃபார்வர்டு செய்வது அதை ஏற்று ஆமோதிப்பதற்குச் சமம் என்று 2018-இல் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு முன்ஜாமீன் மனுவில் கூறியிருக்கிறது.

கருங்கல் வாசகி: சேமித்து வைத்த பழைய லிங்க்குகள் பல இப்போது ‘பக்கம் இல்லை’ என்கின்றன. மீட்க முடியுமா?

இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் அந்த முகவரியை ஒட்டுங்கள். யாராவது சேமித்திருந்தால் நாள்காட்டியில் தேதியோடு காட்டும். இனி முக்கியமான உள்ளூர்ச் செய்தியைப் பகிரும்போதே அங்கே ஒரு நகலைச் சேமித்து, இரண்டு லிங்க்கையும் சேர்த்துப் போடுங்கள். சேமித்த முகவரியில் 14 இலக்க எண் ஒன்று இருக்கும்: முதல் நான்கு ஆண்டு, அடுத்த இரண்டு மாதம், அடுத்து நாள், மணி, நிமிடம், விநாடி. அது கிரீன்விச் நேரம். நம் நேரத்துக்கு ஐந்தரை மணி கூட்டிக்கொள்ளுங்கள்.