ஆயிரத்தைந்நூறு செடி, இரண்டே தாய்

தீவுகளில் தனித்துக் கிடக்கும் செடிகளைப் பற்றிக் கேட்க வேண்டியதையெல்லாம் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். பொள்ளாச்சியிலிருந்து ஏற்காடு வரை கேள்விகள் வந்துவிட்டன. முப்பது வருஷம் தாவரவியல் பாடம் எடுத்தவளுக்கு இது பெரிய சந்தோஷம். ஒன்றுபோல் இருந்த கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதுகிறேன்.

காங்கயத்திலிருந்து ஒரு தம்பி: டீச்சர், மரபணு வேறுபாடு என்று அடிக்கடி சொல்றீங்க. ஒரே இனச் செடிக்குள்ளே அப்படி என்ன வேறுபாடு இருந்துவிடும்?

உங்கள் கொறங்காட்டுக் (மேய்ச்சல் நிலத்துக்) கிளுவை வேலியைப் போய்ப் பாருங்கள், தம்பி. அது குச்சி வெட்டி நட்டு வளர்த்தது. ஒரே மரத்தில் வெட்டிய நூறு குச்சியை நட்டால் நூறு மரம் ஆகாது. ஒரே மரம் நூறு இடத்தில் நிற்கிறது, அவ்வளவுதான். எங்கள் வீட்டுப் பின்பக்க வேலி மழை விழுந்த ஒரே வாரத்தில் முழுக்கத் துளிர்த்துவிடும். நடுவில் ஒன்று மட்டும் பத்து நாள் பிந்தும். பட்டுப்போன குச்சிக்குப் பதிலாக எங்கள் அப்பா அத்தை ஊரிலிருந்து கொண்டுவந்து ஊன்றியது அது. மண் ஒன்று, மழை ஒன்று, ஆள் வேறு. இந்த 'ஆள் வேறு' என்பதைத்தான் மரபணு வேறுபாடு என்கிறோம். மழை முந்திப் பெய்து ஏமாற்றும் வருஷத்தில் பிந்தித் துளிர்ப்பது தப்பிக்கும், வேறொரு வருஷத்தில் முந்தியது தப்பிக்கும். இரண்டும் இருந்தால்தான் வேலி நிற்கும்.

அப்புறம், அதே காட்டில் இருக்கும் கொழுக்கட்டைப்புல்லையும் கவனியுங்கள். விதையிலிருந்து முளைத்தாலும் பெரும்பாலும் தாயின் அச்சாகவே இருக்கும். அதன் விதைக்குள் இருக்கும் கரு தாயிடமிருந்து மட்டுமே உருவாகிறது. விதை போட்டு வளர்த்தது என்பதாலேயே வேறுபாடு வந்துவிடாது.

கோபியிலிருந்து ஓர் அக்கா: தீவுக்குப் போனதும் செடியோட மரபணு வேறுபாடு ஏனுங்க குறையுது?

விதைப் பானையை நினைத்துக்கொள்ளுங்கள், அக்கா. நூறு தட்டப்பயிறில் ஐந்து கறுப்பு. கண்ணை மூடிப் பத்து எடுத்தால், கறுப்பு ஒன்றுகூட வராமல் போக பாதிக்கு மேல் வாய்ப்பு உண்டு. பறவையின் வயிற்றிலோ கடல் நீரிலோ தீவுக்குப் போய்ச் சேரும் விதைகள் அந்தப் பத்துதான். வராத கறுப்பு வராததுதான்.

அதோடும் முடியவில்லை. கூட்டம் சிறிதாகவே இருந்தால் ஒவ்வொரு தலைமுறையும் இன்னொரு கைப்பிடி. 10 செடிகள் மட்டும் தங்களுக்குள் இனம் பெருக்கினால், இருக்கும் வேறுபாட்டில் தலைமுறைக்கு இருபதில் ஒரு பங்கு கரையும். 500 செடி என்றால் ஆயிரத்தில் ஒரு பங்குதான். எந்த ரகம் நல்லது, எது கெட்டது என்று இந்தக் கரைதல் பார்ப்பதில்லை. கை எதை அள்ளியதோ அதுதான்.

ஈரோட்டிலிருந்து: எல்லாத் தீவும் இப்படித்தானா?

இல்லை. ரிச்சர்டு ஃபிராங்கம் என்ற ஆஸ்திரேலிய அறிஞர் 1997-ல் விலங்கும் செடியுமாக 202 ஒப்பீடுகளைத் தொகுத்தார். 165-ல் தீவுக் கூட்டத்தில்தான் வேறுபாடு குறைவு. மீதியைக் கவனியுங்கள். ஆப்பிரிக்கக் கரையை ஒட்டிய கேனரித் தீவுகளில் அங்கு மட்டுமே வளரும் செடிகள் பலவற்றில் வேறுபாடு நிறைந்தே இருக்கிறது. தீவு என்றாலே வறுமை என்று முடிவு கட்ட வேண்டாம்.

சேலத்திலிருந்து ஒரு மாணவி: அழியப் போற செடியை நாற்று விட்டு நிறைய நட்டுட்டா போதாதா, டீச்சர்?

இந்தக் கேள்வியைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன், கண்ணு.

ஹவாய்த் தீவில் மௌனா கேயா என்றொரு எரிமலை, 4,200 மீட்டர் உயரம். அதன் சரிவில் அஹினாஹினா என்று ஒரு செடி. வெள்ளிபோல் மின்னும் கத்தி இலைகள் பந்துபோல் தரையில் அடர்ந்திருக்கும். பல வருஷம் அப்படியே இருந்து, ஒரே ஒரு முறை ஆளுயரத் தண்டு எழுப்பிப் பூக்கும். பூத்ததும் செத்துவிடும். வெளியார் கொண்டுவந்து விட்ட ஆடுமாடுகள் மேய்ந்து, கடைசியில் அவை ஏற முடியாத பாறை விளிம்புகளில் சில செடிகள் மட்டும் எஞ்சின.

காப்பாற்ற நினைத்தவர்கள் 1970-களிலிருந்து நாற்று விட்டார்கள். 1,500 செடிக்கும் மேல் மலையில் நட்டார்கள். பார்ப்பதற்கு வெற்றிதான். பின்னால் ஆராய்ந்தபோது, அத்தனையும் இரண்டே தாய்ச் செடிகளின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் என்று தெரிந்தது.

இந்தச் செடி தன் மகரந்தத்தைத் தானே ஏற்காது. நெருங்கிய சொந்தத்தின் மகரந்தம் வந்தாலும், மரபணு அடையாளம் ஒன்றாக இருந்தால், மகரந்தத்தை ஏற்கும் சூல்முடி அதைத் தள்ளிவிடும். மலை முழுக்க அண்ணன் தம்பி, அக்கா தங்கை. ஒரே கூட்டத்துக்குள், அதாவது ஒரே குலத்துக்குள், பெண் எடுப்பதில்லை என்று நம் பக்கம் ஒரு முறை வைத்திருக்கிறோமே, செடி அதைத் தன் உடம்பிலேயே வைத்திருக்கிறது. பூ பூக்கும், வண்டு வரும், விதை மட்டும் பதராகப் போகும். ஆயுளில் ஒரே முறை பூப்பது என்பதால் அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்றும் விட முடியாது. பிறகு பாறைச் செடிகள் பூத்தபோது கையாலேயே மகரந்தம் சேர்த்து, புதிய தாய்களின் விதையைக் கொண்டுவந்தார்கள்.

இதைப் படித்த நாளிலிருந்து, எங்கே மரம் நட்டார்கள் என்று கேட்டாலும் எத்தனை என்று நான் கேட்பதில்லை. எத்தனை தாய் என்றுதான் கேட்கிறேன்.

ஏற்காட்டிலிருந்து, காபித் தோட்டக்காரர் ஒருவர்: ஒரே ஒரு செடிதான் மிச்சம் என்றால்?

உங்கள் காபியின் சொந்தக்காரச் செடி ஒன்றுக்கே அந்த நிலை வந்தது, ஐயா. மொரீஷியஸுக்குக் கிழக்கே ரோட்ரிக்ஸ் தீவில் காஃபே மரோன் என்ற அந்தச் செடி அழிந்துவிட்டது என்றே எண்ணியிருந்தார்கள். 1980 வாக்கில் பள்ளிக்கூடத்துப் பையன் ஒருவன் ஒரு செடியைக் கண்டுபிடித்தான். மருந்துக்கு என்று ஊரார் ஒடிக்க ஆரம்பித்ததால் வேலி மேல் வேலி போட வேண்டியிருந்தது. 1986-ல் லண்டன் கியூ தாவரவியல் தோட்டத்துக்குக் குச்சி போனது. வேர் பிடித்தது, பூத்தது, காய்க்கவில்லை. 2003-ல்தான் முதல் விதை கிடைத்தது. செடி பிழைத்தது. ஆனால் அந்த ஒரு செடிக்குள் இல்லாத எந்தக் குணமும் இனி அந்த இனத்தில் இல்லை.

மொரீஷியஸ் கியூர்பீப் தோட்டத்தில் உலகத்திலேயே தன் இனத்தில் மிஞ்சிய ஒற்றைப் பனை நிற்கிறது. அதன் ஆண் பூவும் பெண் பூவும் ஒரே சமயத்தில் மலர்வதில்லை.

உடுமலையிலிருந்து ஒரு விவசாயி: எங்கேயோ தீவுல செடி போனா எனக்கென்னங்க?

நீங்கள் போடும் தக்காளியை வைத்தே சொல்கிறேன். தக்காளிக் காம்பில் ஒரு கணு இருக்கிறதல்லவா? பறிக்கும்போது அங்கே ஒடிந்து, மிச்சக் காம்பு பழத்தோடு வந்துவிடும். பெட்டியில் அடுக்கினால் பக்கத்துப் பழத்தைக் குத்தும். கலாபகோஸ் தீவுகளில் கோலிக்குண்டு அளவில் மஞ்சளாகக் காய்க்கும் காட்டுத் தக்காளி ஒன்றில் அந்தக் கணுவே இல்லை. அந்தக் குணத்தை எடுத்துத்தான் இயந்திரம் பறிக்கும் தக்காளி ரகங்களில் சேர்த்தார்கள். கடலோரத்தில் உப்பைத் தாங்கி வளரும் செடிகளும் அங்கே உண்டு. கிணற்று நீர் உப்பாகிவரும் தோட்டங்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்கே தெரியும்.

கோவையிலிருந்து: நம்ம பக்கம் கடலே இல்லையே, தீவு ஏது?

மேற்கே பாருங்கள். ஒரு பக்கம் நீலகிரி, இன்னொரு பக்கம் ஆனைமலை, நடுவில் முப்பது கிலோமீட்டருக்கும் மேல் அகலமான பாலக்காட்டுக் கணவாய். ஆடி மாசக் காற்று நமக்கு வருகிற வாசல் அது. உச்சிச் சோலையில் குளிரில் வளரும் செடிக்கு அந்தச் சமவெளி கடல் மாதிரிதான். அங்கே வளரும் காட்டுப் பூவரசின் (ரோடோடென்ட்ரான்) நெருங்கிய சொந்தம் இமயமலையில் இருக்கிறது. இடையில் எங்கும் இல்லை. சோலையில் வாழும் ஒரு சின்னப் பறவை கணவாய்க்கு இந்தப் பக்கம் ஓர் இனம், அந்தப் பக்கம் வேறோர் இனம்.

வால்பாறையில் தேயிலைக்கு நடுவே திட்டுத் திட்டாக நிற்கும் மழைக்காடும் தீவுதான், மனிதர் உண்டாக்கிய தீவு. இருவாட்சிப் பறவை ஒன்று பழம் தின்று அடுத்த திட்டில் விதை போட்டால் அதுவே பாலம். தலைமுறைக்கு ஒன்றிரண்டு வரவு இருந்தால்கூட இரண்டு கூட்டங்கள் அடியோடு பிரிந்துபோகாமல் தடுக்க உதவும்.

சத்தியிலிருந்து, நாற்றங்கால் வைத்திருக்கும் தங்கை: நான் விதை எப்படிச் சேகரிக்கட்டும்?

காய்த்துக் குலுங்கும் ஒரே மரத்தடியில் சாக்கை நிரப்பாதே, சாமி. எல்லாருக்கும் கை அங்கேதான் போகும். முப்பது மரத்துக்குக் குறையாமல், ஒன்றுக்கொன்று தள்ளி நிற்கும் மரங்களாகப் பார்த்து எடு. பக்கத்துப் பக்கத்து மரங்கள் ஒரு தாய்ப் பிள்ளைகளாக இருக்கலாம். நிறையக் காய்த்ததில் ஒரு படி என்றால், கொஞ்சமாகக் காய்த்ததிலும் முடிந்தவரை அதே அளவு. ஆனைமலையில் நடுவதற்கு நீலகிரி விதையைக் கொண்டுவராதே. அந்தந்த மலைக்கு அந்தந்த மலை விதை. மரத்துக்கு ஒரு பை வைத்து, மரத்தின் எண்ணைச் சீட்டில் எழுதி உள்ளே போடு. பென்சிலால் எழுது, மழையில் பேனா மை கரைந்துவிடும்.