விலையை இறக்கினாலும் அது கூட்டுதான்: போட்டிச் சட்டம் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் மண்டபம், தங்கச்சிமடம் பக்கத்திலிருந்து. எல்லோருக்கும் முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், போன தடவையும் சொன்னதுதான்: ஒரே விலை வேறு, பேசி வைத்த விலை வேறு. போட்டிச் சட்டம் இரண்டாவதைத்தான் பிடிக்கும். வியாபாரிகள் இப்படிக் கூடிப் பேசி விலை வைப்பதற்குத்தான் கூட்டு, கார்டெல் என்று பெயர்.

கேஸ் சிலிண்டர் கேட்டால் கூடவே அடுப்பும் டியூபும் வாங்கினால்தான் தருவேன் என்கிறார் ஏஜென்சிக்காரர். (குடும்பத் தலைவி, தேவிபட்டினம்)

வாங்காதீர்கள். ஒன்றை வாங்க இன்னொன்றையும் வாங்கியே ஆக வேண்டும் என்று கட்டுவதை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 தனியாகவே பெயர் சொல்லித் தடுக்கிறது. ஏற்கெனவே வாங்கிவிட்டால் பில்லை எடுத்துக்கொண்டு ராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போங்கள். 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, 2 வருடத்துக்குள் போட வேண்டும். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்தாலே பல ஏஜென்சிகள் இறங்கி வந்துவிடும். பில் தரவில்லை என்றால் கேட்டு வாங்குங்கள்.

ஆடி அமாவாசைக்கு ராமேஸ்வரத்தில் எல்லா லாட்ஜும் வாடகையை மூன்று மடங்கு ஆக்குகிறார்கள். கார்டெல்தானே? (வாசகர், பரமக்குடி)

கூட்டம் வந்தால் விலை ஏறும். உரிமையாளர்கள் உட்கார்ந்து பேசி ஏற்றினார்கள் என்பதற்கு ஏதாவது கையில் இருக்கிறதா? இருந்தால் எழுதுங்கள். ஒரே விலை வேறு, பேசி வைத்த விலை வேறு.

எங்க ஊரில் எல்லாத்திலும் கார்டெல் நடக்குது சார், நடவடிக்கை எடுக்கவும். (பெயர், ஊர் இல்லை)

எந்த ஊர், எந்தப் பொருள், எந்த மாதம், யார் சொன்னது, இதில் ஒன்றுகூட இல்லாமல் நான் எதை எடுத்துக்கொண்டு டெல்லிக்குப் போவது? நடவடிக்கை எடுப்பது நானும் இல்லை, இந்தியப் போட்டி ஆணையம். தயவுசெய்து இப்படி எழுதாதீர்கள், உங்கள் கடிதத்தைப் படிக்கிற நேரத்தில் ரசீதோடு எழுதிய இன்னொருவருக்குப் பதில் சொல்லியிருப்பேன்.

காலையில் நண்டு கரைக்கு வரும்போது நான்கு ஏஜென்ட் நிற்கிறார்கள். நான்கு பேரும் ஒரே ரேட். நேற்று இருந்ததைவிடக் கிலோவுக்கு 60, 70 ரூபாய் குறைவு. கேட்டால் "கம்பெனி ரேட்" என்கிறார்கள். விலை ஏறினால்தான் கார்டெல், குறைந்தால் மக்களுக்கு நல்லதுதானே என்று ஒரு வக்கீலே சொல்லிவிட்டார். உண்மையா அண்ணே? (நாட்டுப்படகு மீனவர், தங்கச்சிமடம்)

உண்மை இல்லை தம்பி. இருபது வருடமாக நான் சண்டை போடுவது இந்த ஒரு பேச்சோடுதான். சட்டப் புத்தகத்தை அவர் திறந்து பார்த்திருக்க வேண்டும். போட்டிச் சட்டம் 2002, பிரிவு 3(3), முதல் உட்பிரிவு. "கொள்முதல் விலையோ விற்பனை விலையோ" நேரடியாகவோ மறைமுகமாகவோ நிர்ணயிக்கிற ஒப்பந்தம் என்றுதான் அதில் இருக்கிறது. கொள்முதல் என்ற சொல்தான் முதலில் வருகிறது. வாங்குகிறவர்கள் கூடிப் பேசி உங்கள் நண்டின் விலையை அமுக்கினாலும் அது கூட்டுதான். உங்களிடம் குறைத்த அந்த அறுபது ரூபாய் சாப்பிடுகிறவருக்குப் போய்ச் சேருவதும் இல்லை, நண்டுக்கறி டின்னில் அடைத்துக் கப்பலேறிப் போகிறது, நடுவில் இருக்கிறவர் பையில் நிற்கிறது.

இது புதுசான வாதமும் இல்லை. அமெரிக்காவில் 1948-லேயே அவர்களுடைய உச்ச நீதிமன்றம் தீர்த்துவிட்டது. கலிபோர்னியாவில் சர்க்கரை எடுக்கிற பீட் கிழங்கு போட்ட விவசாயிகளிடம் மூன்று ஆலைகள் பேசி வைத்து ஒரே கணக்கில் விலை கொடுத்தன. விவசாயிகள் வழக்குப் போட்டார்கள். அவர்களுடைய போட்டிச் சட்டம் பொருள் வாங்கும் நுகர்வோரை மட்டும் காக்க வந்ததல்ல, விற்கிறவரையும் காக்கும் என்று தீர்ப்பு வந்தது. கிழங்கை வயலில் அழுக விட முடியாது, ஆலையும் வேறு கிடையாது. நண்டும் அப்படித்தான், வெயில் ஏறினால் செத்துப்போகும், செத்த நண்டுக்கு விலை இல்லை. அதனால்தான் காலை ஐந்தரை மணிக்கு அவர்கள் சொன்னதுதான் விலையாக இருக்கிறது.

நான் அந்தக் கரையில் நின்று பார்த்திருக்கிறேன். வலையிலிருந்து நண்டைக் கழற்றிக்கொண்டிருந்த அம்மாவின் விரலெல்லாம் கீறல், பக்கத்தில் எலக்ட்ரானிக் தராசு, நான்கு பேர் கையிலும் போன். சில நிமிட இடைவெளியில் நான்கு போனும் ஒலித்தன, அப்புறம் நால்வர் வாயிலும் ஒரே எண். அந்த அம்மாவுக்குக் கொடுத்த சீட்டு பஸ் டிக்கெட் அளவுதான், அதில் எடை மட்டும் இருந்தது, விலை இல்லை. விலை இல்லாத சீட்டை வாங்கிக்கொண்டு வராதீர்கள். எத்தனை தடவை சொல்வது? அவர் எழுதவில்லை என்றால் நீங்கள் எழுதுங்கள். ஒரு நாற்பது பக்க நோட்டு போதும்: தேதி, மணி, எந்தக் கரை, எந்த ஏஜென்ட், எத்தனை கிலோ, என்ன ரேட், வேறு யார் என்ன ரேட் சொன்னார்கள். பத்துப் படகு மூன்று மாதம் எழுதினால் அது சாட்சி. ரேட் வந்த வாட்ஸாப் மெசேஜை அழிக்காதீர்கள். போனை மாற்றினாலும் பழைய போனை விற்காதீர்கள்.

ஒரே ரேட் என்பது மட்டும் போதாது, மறுபடியும் சொல்கிறேன். போட்டி ஆணையம் கூடுதலாகத் தேடுவது இதையெல்லாம்: அதிக விலை சொன்ன ஒரு ஏஜென்ட் மறுநாளே நிறுத்தப்பட்டாரா, இந்தக் கரை உனக்கு அந்தக் கரை எனக்கு என்று பிரித்திருக்கிறார்களா, வெளிச்சந்தையில் விலை இறங்காத வாரத்தில் இங்கே மட்டும் எப்படி இறங்கியது. என்னிடம் முன்பணம் வாங்கியவர் நண்டை எனக்கே போட வேண்டும் என்று ஏஜென்ட் சொல்வது தனி விஷயம், அது தானாகவே குற்றம் ஆகிவிடாது, அதனால் போட்டி எந்த அளவுக்குக் கெட்டது என்று காட்ட வேண்டும். இரண்டையும் ஒரே மனுவில் குழப்பி எழுதினால் இரண்டுமே போய்விடும்.

மனு யார் வேண்டுமானாலும் போடலாம். பாதிக்கப்பட்டவராக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை, 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தனி ஆளுக்குக் கட்டணம் 5,000 ரூபாய், பத்துப் படகு பகிர்ந்தால் ஆளுக்கு 500. ஆணையத்துக்குச் சென்னையில் மண்டல அலுவலகம் இருக்கிறது. பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்கலாம். கடல் வருடக்கணக்கில் இருக்கும், மனு அப்படி இல்லை, 2023 திருத்தத்துக்குப் பிறகு 3 வருடத்துக்குள் போட வேண்டும். கூட்டில் இருந்த ஒரு ஏஜென்ட்டே முதலில் போய் எல்லாவற்றையும் சொன்னால் அவருக்கு அபராதம் முழுவதுமேகூடக் குறையலாம். உங்கள் ஏஜென்ட்டுகளில் மனசாட்சி உள்ளவர் யாராவது இருந்தால் இந்தப் பத்தியைக் காட்டுங்கள். அபராதம் சின்னது இல்லை, கூட்டு நடந்த ஒவ்வொரு வருடத்துக்கும் லாபத்தில் மூன்று மடங்கு அல்லது விற்றுமுதலில் 10 சதவீதம், எது அதிகமோ அதுவரை போகலாம்.

அப்படியென்றால் நாங்கள் சங்கமாகக் கூடி "இந்த ரேட்டுக்குக் கீழே கொடுக்க மாட்டோம்" என்றால்? (விசைப்படகு உரிமையாளர், மண்டபம்)

கவனம். படகில் கூலிக்குப் போகிறவர்கள் கூலி உயர்வு கேட்டுக் கூடுவது தொழிற்சங்க வேலை, அதில் பயமில்லை. படகு உரிமையாளர் தொழில் நடத்துகிறவர். சங்கம் என்று பெயர் வைத்தால் மட்டும் தப்பிக்க முடியாது, மேற்கு வங்க சினிமா கலைஞர்கள் கூட்டமைப்பு வழக்கில் 2017-ல் உச்ச நீதிமன்றம் இதைத்தான் சொன்னது. அமெரிக்காவில் மீனவர்கள் சேர்ந்து விற்க 1934-லிருந்தே தனிச் சட்டம் இருக்கிறது. நமக்கு அப்படி ஒன்று இல்லை, இருக்க வேண்டும் என்று நான் மனதாரக் கேட்கிறேன். அதுவரை கூட்டுறவுச் சங்கம் மீனைத் தானே எடுத்துத் தானே ஏலம் விடுகிற வழியில் போங்கள், ஆளாளுக்குத் தனியாக விற்றுக்கொண்டு ரேட்டை மட்டும் பேசி வைக்காதீர்கள்.

நண்டு உரிக்கும் கம்பெனியில் வேலை செய்கிறேன். அடுத்த கம்பெனியில் கூலி அதிகம் என்று போனால், "உங்க மேனேஜர் எடுக்கக் கூடாதுன்னு சொல்லிட்டார்" என்கிறார்கள். (மண்டபம்)

அக்கா, உங்களைக் கட்டிவைக்க யாருக்கும் உரிமை இல்லை. வேலையை விட்ட பிறகும் வேறு இடத்துக்குப் போகாதே என்று உங்களிடமே கையெழுத்து வாங்கியிருந்தாலும், 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவுப்படி அது செல்லாது. இரண்டு கம்பெனிகள் தங்களுக்குள் பேசி வைத்தால் அது போட்டிச் சட்ட விஷயம். ஆப்பிள், கூகுள், இன்டெல், அடோபி இதே மாதிரி ஒருவர் ஆளை ஒருவர் எடுக்க மாட்டோம் என்று பேசி வைத்திருந்தன, 2010-ல் அமெரிக்க அரசு பிடித்தது, அப்புறம் ஊழியர்களே போட்ட வழக்கில் நான்கும் சேர்ந்து 41 கோடி டாலருக்கு மேல் கொடுத்தன. கம்ப்யூட்டர் வேலைக்கு உள்ள நியாயம் நண்டு உரிக்கிற விரலுக்கும் உண்டு. யார் சொன்னார், எந்தத் தேதி, கூட யார் இருந்தார் என்று இன்றைக்கே எழுதி வையுங்கள். தனியாகப் போகாதீர்கள், நான்கைந்து பேராக வாருங்கள்.

சிமெண்ட் விலை? (தொண்டி)

ஒரு வரியில் கேட்டதற்கு ஒரு பத்தியாவது சொல்கிறேன். 2012-ல் கூட்டு வைத்ததாகப் பத்துப் பதினோரு சிமெண்ட் கம்பெனிகளுக்குப் போட்டி ஆணையம் 6,000 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் போட்டது. மறுவிசாரணைக்குத் திரும்பி, 2016-ல் மறுபடி போட்டு, 2018-ல் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் உறுதி செய்து, அப்புறம் உச்ச நீதிமன்றம் போனது. வீட்டை அதற்காக நிறுத்தி வைக்காதீர்கள்.

அப்பாவுக்கு நாட்டுப்படகு. சட்டம் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். நுகர்வோர், தொழிலாளர் பக்கம் மட்டும் நின்று போட்டிச் சட்டம் செய்து பிழைக்க முடியுமா ஐயா? (மாணவி, மூக்கையூர்)

முதல் ஏழெட்டு வருடம் அது மட்டும் சோறு போடாது மகளே. பெரிய பீஸ் கம்பெனிப் பக்கம், டெல்லியில். அமெரிக்காவில் ஜெயித்தால் நஷ்டத்தைப் போல மூன்று மடங்கும் வக்கீல் செலவும் எதிராளி கொடுக்க வேண்டும், அதனால் அங்கே இந்தப் பக்கம் நிற்கிற வக்கீலும் நன்றாக வாழலாம். இங்கே ஜெயித்த பணத்தில் பங்கு வாங்க பார் கவுன்சில் விதி அனுமதிக்காது, இழப்பீடும் ஆணையத்தின் தீர்ப்பு வந்த பிறகு தீர்ப்பாயத்தில் தனியாகக் கேட்க வேண்டும். அதனால் நுகர்வோர் ஆணையம், தொழிலாளர் நீதிமன்றம் இரண்டிலும் வழக்கு வைத்துக்கொண்டே இதைச் செய்ய வேண்டும், நான் அப்படித்தான் செய்தேன். பேலன்ஸ் ஷீட் படிக்கக் கற்றுக்கொள். ஆணையத்தின் உத்தரவுகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன, வாரம் ஒன்று படி. இந்த லீவில் அப்பாவோடு கரைக்குப் போய் ரேட் எப்படி வருகிறது என்று ஒரு மாதம் நோட்டில் எழுதி, அந்த நோட்டை எனக்கு அனுப்பு.