சாப்பாடா, படிப்பா? இடுப்பில் தம்பியைச் சுமக்கும் அக்காவிடமிருந்து தொடங்குங்கள்

கேள்வி: எங்கள் சிறு குழுவிடம் ஓராண்டுக்கான பணம்தான் இருக்கிறது. நாங்கள் உதவ நினைக்கும் ஏழைக் கிராமத்தில் குழந்தைகள் வயதுக்கேற்ற வளர்த்தி இல்லாமல் இருக்கிறார்கள், பெண் பிள்ளைகளோ பாதியில் படிப்பை விட்டுவிடுகிறார்கள். எதற்கு முதலில் செலவழிப்பது?

பதில்: முடிவெடுக்கும் முன், பள்ளிக்கூடம் நடக்கும் நேரத்தில் வீடு வீடாகப் போய்ப் பாருங்கள். பல வீடுகளில் அம்மா வேலைக்குப் போயிருப்பார், ஒன்பது பத்து வயது அக்கா கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்பாள். காலையில் அம்மா வைத்துவிட்டுப் போன நீர்த்த கஞ்சியைத்தான் அவள் மதியம் வரை ஊட்டிக்கொண்டிருப்பாள். அவள் பள்ளிக்குப் போகாததற்கும் அந்தக் குழந்தை தேறாததற்கும் காரணம் ஒன்றுதான், அந்த நேரத்தில் குழந்தையைப் பார்த்துக்கொள்ளப் பெரியவர் யாரும் வீட்டில் இல்லை. உங்கள் ஊரிலும் நிலைமை இதுதான் என்றால், முதல் பணத்தைக் குழந்தைகள் காப்பகத்துக்குக் கொடுங்கள் என்பேன்.

காப்பகம் பள்ளி தொடங்குவதற்கு அரைமணி முன்னால் திறந்து, பள்ளி விட்டு அரைமணி கழித்து மூட வேண்டும். அக்கா போகிற வழியில் விட்டுவிட்டுப் போய், வருகிற வழியில் தூக்கிக்கொள்ளலாம். இந்த நேரக் கணக்கு தவறினால் மறுபடி அவள்தான் வீட்டில் உட்காருவாள். பொறுப்பை உள்ளூர்ப் பெண்களிடமே கொடுங்கள், ஆனால் சம்பளம் கொடுத்து வையுங்கள். அவர்களும் ஏழைகள்தான், வருமானமில்லாத வேலையை எத்தனை நாள்தான் செய்ய முடியும்?

அப்புறம் சாப்பாடு. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும், அதன் பிறகு மற்ற உணவு, கூடவே இரண்டு வயதும் அதற்கு மேலும் தாய்ப்பால் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. எட்டு மாதக் குழந்தையின் வயிற்றில் ஒரு வேளைக்குச் சுமார் 200 மில்லிதான் பிடிக்கும், அதைத் தண்ணீரால் நிரப்பிவிட்டால் சத்துக்கு இடம் ஏது? கஞ்சி, கரண்டியைச் சாய்த்தால் வழிந்து ஓடாத அளவுக்குக் கெட்டியாக இருக்க வேண்டும், அதில் ஒரு சிறு கரண்டி எண்ணெய், மசித்த பருப்பு, கீரை, முடிந்தால் முட்டையோ மீனோ. ஒன்பது மாதத்திலிருந்து ஒரு நாளைக்கு மூன்று நான்கு வேளை. ஊட்டுகிறவர் அவசரப்படாமல், முகம் பார்த்துப் பேசி ஊட்ட வேண்டும், இதுவும் சாப்பாட்டில் சேர்ந்ததுதான்.

எதைச் சேர்ப்பது என்று வெளியிலிருந்து பட்டியல் கொண்டுபோகாதீர்கள். 1990களின் தொடக்கத்தில் வியட்நாம் கிராமங்களில், அதே வறுமையிலும் நன்றாக வளர்ந்த குழந்தைகளின் தாய்மார்கள் என்ன செய்கிறார்கள் என்று போய்ப் பார்த்தார்கள். அந்தத் தாய்மார்கள் வயலில் கிடைத்த சின்ன இறாலையும் நண்டையும் கீரையையும் சோற்றில் சேர்த்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பல வேளை ஊட்டிக்கொண்டிருந்தார்கள். மற்ற தாய்மார்களும் அவர்களோடு சேர்ந்து சமைத்தே கற்றுக்கொண்டார்கள். உங்கள் ஊரிலும் அப்படி ஒரு தாய் கட்டாயம் இருப்பார், தேடுங்கள்.

பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவு போட்டால் போதாதா என்று கேட்பீர்கள். வருகைக்கு அது நல்லது, வேண்டாம் என்று சொல்லவே மாட்டேன். ஆனால் வளர்ச்சிக் குறைவு பெரும்பாலும் கருவிலும் முதல் இரண்டு வயதிலும் ஏற்பட்டுவிடுகிறது, பிறகு ஈடுகட்டுவது கடினம். குவாத்தமாலாவில் 1969 முதல் 1977 வரை சில கிராமங்களில் புரதச் சத்துள்ள கஞ்சி கொடுத்து ஆராய்ந்தார்கள். மூன்று வயதுக்குள் அந்த வாய்ப்பைப் பெற்ற பெண்கள், வேறு பானம் கொடுக்கப்பட்ட கிராமங்களின் பெண்களைவிட ஒரு வகுப்புக்குச் சற்று மேல் கூடுதலாகப் படித்திருந்தது பின்னாளில் தெரிந்தது. கைக்குழந்தைக்கு இன்று ஊட்டுவது பத்து வருடம் கழித்துப் பள்ளிக்கூடத்தில் தெரியும்.

வயிற்றுப்போக்கை அலட்சியம் செய்யாதீர்கள், கொடுத்த சாப்பாட்டையெல்லாம் அது வீணாக்கிவிடும். உப்புசர்க்கரைக் கரைசல், சுகாதாரப் பணியாளர் சொல்லும் அளவில் துத்தநாக மாத்திரை, சுத்தமான தண்ணீர், கை கழுவ சோப்பு, இவை காப்பகத்தில் எப்போதும் இருக்கட்டும். மேற்கை சுற்றளவு அளக்கும் நாடா ஒன்றும் வாங்குங்கள். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைக்கு 12.5 செ.மீ.க்குக் கீழே வந்தால் சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். 11.5க்குக் கீழே என்றாலோ, இரண்டு பாதமும் வீங்கியிருந்தாலோ அன்றைக்கே கொண்டுபோங்கள், நீங்களே தேற்றப் பார்க்காதீர்கள்.

சரி, பெரிய பெண்கள்? வயதுக்கு வந்ததும் நின்றுவிடுகிறார்கள் என்றால், பள்ளிக் கழிப்பறைக்குத் தாழ்ப்பாளும் தண்ணீரும் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு தூரம். ஆப்கானிஸ்தானின் கோர் மாகாணத்தில் ஊருக்குள்ளேயே பள்ளி வைத்தபோது ஆண் பிள்ளைகளின் சேர்க்கை 35 சதவீதப் புள்ளியும் பெண் பிள்ளைகளின் சேர்க்கை 52 புள்ளியும் கூடியது. பள்ளியைக் கொண்டுவர உங்களால் முடியாது, ஆனால் பெண்கள் கூட்டமாகப் போய்வர ஒரு துணையையோ வண்டியையோ ஏற்பாடு செய்ய முடியும்.

ஆண்டு முடிவில் எத்தனை சாப்பாடு போட்டோம் என்று எண்ணாதீர்கள். இரண்டு வயதுக்குட்பட்டவர்களின் நீளத்தையும் எடையையும் குறித்து வையுங்கள், அக்காமார்களின் வருகையைப் பள்ளிப் பதிவேட்டில் மாதாமாதம் பாருங்கள். பெயர் பதிவாகியிருப்பது மட்டும் போதாது. இரண்டாம் ஆண்டில் காப்பகப் பெண்களின் சம்பளத்தை யார் தருவார் என்று உள்ளாட்சியிடம் முதல் மாதத்திலேயே பேசத் தொடங்குங்கள், பணம் தீர்ந்த பிறகு போய் நின்றால் அதற்குள் அக்கா மறுபடி வீட்டில் உட்கார்ந்திருப்பாள்.